டைட்டில் பிளாக்கை இடம் மாற்றும்போது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். வருடச் சந்தா கட்டுப்படியாகவில்லை என்றோ, வாடிக்கையாளர் கேட்கிறார் என்றோ அலுவலகத்தில் கேட் மென்பொருளை (கணினியில் படம் வரையும் மென்பொருளை) மாற்றுகிறார்கள். படம் வந்துவிடுகிறது, டிராயிங் எண், ரிவிஷன் போன்ற விவரங்களைப் போடும் கட்டமான கம்பெனி டைட்டில் பிளாக் மட்டும் தகராறு செய்கிறது. நீலகிரியிலிருந்தும் கொடைக்கானல் பக்கத்திலிருந்தும் வந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். எல்லாருக்கும் பொதுவாக ஒன்று: மூலக் கோப்புகளைத் தனி ஹார்டு டிஸ்கில் நகலெடுத்து, ரீட்-ஒன்லி ஆக்கிவிட்டு, அப்புறம் கை வையுங்கள்.

கேள்வி: பழைய ஏ1 பார்டரை (தாளின் சட்டக் கோடுகளை) புது மென்பொருளில் இன்சர்ட் செய்தால் திரையையே தாண்டிப் போகிறது. ஸ்கேல் செய்து சின்னதாக்கிக்கொள்ளலாமா?
– ஊட்டி, கட்டட வரைவாளர்

பதில்: கூடாது. சுமார் 25 மடங்கு என்றால் அங்குலமும் மில்லிமீட்டரும் மோதுகின்றன. ஆயிரம் மடங்கு என்றால் மீட்டர். இரண்டு கோப்பிலும் இன்ஸ்யூனிட்ஸ் (இன்சர்ட் செய்யும்போது பயன்படும் அலகு எண்) மதிப்பைப் பாருங்கள்: 1 அங்குலம், 4 மி.மீ., 6 மீட்டர். 0 என்றால் அலகே குறிப்பிடவில்லை என்று பொருள். பார்டர் கோப்பில் 4 வைத்துச் சேமியுங்கள். ஏ1 ஷீட் 841-க்கு 594 மி.மீ. வெளிக்கோட்டை அளந்து பார்த்த பிறகே அடுத்த வேலை.

கேள்வி: டைட்டில் பிளாக் சரியாக வரவில்லை. அவசரம். உடனே பதில் சொல்லவும்.
– ஊர் போடாத வாசகர்

பதில்: எந்த மென்பொருளிலிருந்து எதற்கு? எந்தப் பதிப்பு? வரவே இல்லையா, கோடு வந்து எழுத்து வரவில்லையா, எழுத்து வந்து எண் மாறிவிட்டதா? இதில் ஒன்றைக்கூடச் சொல்லாமல் யாரிடம் கேட்டாலும் பதில் கிடைக்காது. ஒரு ஷீட்டின் பழைய பிடிஎஃப், அதே ஷீட் புது மென்பொருளில் தெரியும் விதம், இரண்டையும் வைத்துக்கொண்டு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: எங்கள் பட்டறையில் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு உதிரிபாகம் செய்கிறோம். சுமார் 400 டிராயிங் உண்டு. ஆட்டோகேடிலிருந்து விலை குறைந்த டிடபிள்யூஜி (ஆட்டோகேடின் கோப்பு வடிவம்) படிக்கும் இன்னொரு மென்பொருளுக்கு மாறினோம். டிராயிங் எண், ரிவிஷன், மெட்டீரியல் இருந்த இடத்திலெல்லாம் வெறும் டேக் பெயர்கள்தான் தெரிகின்றன. புது மென்பொருளின் கோளாறா?
– குன்னூர்

பதில்: இல்லை. மாற்றுவதற்கு முன்பு உங்கள் ஆள் யாரோ டைட்டில் பிளாக்குகளை எக்ஸ்ப்ளோட் செய்து, தனித்தனிக் கோடாகவும் எழுத்தாகவும் உடைத்திருக்கிறார். பிளாக்கில் நாம் நிரப்பும் இடமான அட்ரிபியூட்டுக்குள் டேக் (அந்த இடத்தின் பெயர்), கேட்கும் வாசகம், நாம் நிரப்பிய மதிப்பு என மூன்று இருக்கின்றன. எக்ஸ்ப்ளோட் கொடுத்தால் மதிப்பு போய்விடும், டேக் மட்டும் எழுத்தாக நிற்கும். அந்தக் கட்டளையின் இயல்பே அதுதான். எந்த மென்பொருளையும் குறை சொல்ல முடியாது.

இதை நான் பல முறை எழுதிவிட்டேன். இன்னமும் மாதம் ஒருவராவது இதே கடிதத்தை அனுப்புகிறார். எடிட் ஆகவில்லை என்றால் எக்ஸ்ப்ளோட், லேயர் மாறவில்லை என்றால் எக்ஸ்ப்ளோட், வேறு மென்பொருளுக்குப் போகிறதா, பாதுகாப்புக்கு ஒரு எக்ஸ்ப்ளோட். இந்தப் பழக்கம் எந்த அலுவலகத்தில் தொடங்கியதோ தெரியாது, பயிற்சி நிலையத்திலிருந்து வரும் பிள்ளைகள் கையோடு கொண்டுவருகிறார்கள். டைட்டில் பிளாக்கின் கோடுகளை யார் வேண்டுமானாலும் அரை மணி நேரத்தில் திரும்ப வரையலாம். அதற்குள் இருக்கும் மதிப்புகளை வரைய முடியாது. உங்கள் தொழிலையே எடுத்துக்கொள்ளுங்கள். தேயிலைக் கொழுந்தை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சிடிசி ரோலர் 8¼ அங்குலமா 13 அங்குலமா என்பது அளவுக்கோட்டில் தெரிந்துவிடும். அங்குலத்துக்கு 8 பல்லா 10 பல்லா, எந்த ஸ்டீல், எத்தனையாவது ரிவிஷன் என்பதைப் பல பட்டறைகளில் டைட்டில் பிளாக்கில் மட்டும்தான் எழுதிவைக்கிறார்கள். முழு ரோலரை ஒரே ஷீட்டில் அடக்கி வரைந்தால் 8 பல் படமும் 10 பல் படமும் பார்வைக்கு ஒன்றுதான். லேத்தில் நிற்பவர் கையில் இருக்கும் தாளை நம்பித்தான் வெட்டுவார். கொழுந்து வரத்து அதிகமுள்ள மாதத்தில் தவறான ரோலர் தொழிற்சாலைக்குப் போய்ச் சேர்ந்தால் நஷ்டம் யாருக்கு என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. முதலில் அந்த 400 கோப்புகளில் இனி யாரும் எதையும் சேமிக்கக் கூடாது. பக்கத்திலேயே பேக் கோப்பு (மென்பொருள் தானாக வைக்கும் முந்தைய நகல்) இருக்கிறதா பாருங்கள். அதை நகலெடுத்து டிடபிள்யூஜி என்று பெயர் மாற்றினால், கடைசிச் சேமிப்புக்கு முந்தைய நிலை கிடைக்கும். எக்ஸ்ப்ளோடுக்குப் பிறகு ஒரு முறைதான் சேமித்திருந்தால் தப்பித்தீர்கள். இல்லையென்றால் பழைய பிடிஎஃப், வாடிக்கையாளருக்குப் போன மெயில், பட்டறைச் சுவரில் ஒட்டிய தாள் எல்லாவற்றையும் வைத்து அட்டவணை போட்டுத்தான் ஆக வேண்டும். குறுக்கு வழி கிடையாது.

மூலம் கிடைத்தவற்றுக்கு இப்படிச் செய்யுங்கள். ஆட்டோகேடும் உங்கள் புது மென்பொருளும் ஒரே டிடபிள்யூஜியைத்தான் படிக்கின்றன. ஆகவே எந்த மாற்றமும் செய்யாமல் நேராகத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் அட்ரிபியூட் அப்படியே வரும். அதற்கு முன், ஆட்டோகேட் உரிமம் முடிவதற்குள், டேட்டா எக்ஸ்ட்ராக்ஷன் கொடுத்து எல்லா டைட்டில் பிளாக் மதிப்புகளையும் ஒரு எக்ஸெல் அட்டவணையாக எடுத்துவிடுங்கள். பிற்பாடு சரிபார்க்க அந்த அட்டவணைதான் சாட்சி. எக்ஸ்பிரஸ் டூல்ஸில் உள்ள அட்அவுட், அட்இன் சோடியை இதற்கு நம்ப வேண்டாம். அது ஹேண்டில் எண்ணை (கோப்புக்குள் ஒவ்வொரு பொருளுக்கும் உள்ள அடையாள எண்ணை) வைத்துப் பொருத்துகிறது. எடுத்த அதே கோப்பில் திரும்பப் போடத்தான் அது பயன்படும். ஒரு கோப்பிலிருந்து இன்னொன்றுக்கு நகலெடுத்து ஒட்டினால் ஹேண்டில் மாறிவிடும், மதிப்பு எங்கும் போய்ச் சேராது.

டைட்டில் பிளாக்கின் வடிவத்தையும் சேர்த்து மாற்றுகிறீர்கள் என்றால், புது பிளாக்கில் டேக் பெயர்களை எழுத்துப் பிசகாமல் பழையபடியே வையுங்கள். டேக்கில் இடைவெளி கூடாது. படத்தில் உள்ள பிளாக்குகளைப் புது வரையறைக்குப் பொருத்தும் அட்சிங்க் கட்டளையைக் கொடுக்கும்போது பெயர் பொருந்தும் டேக்கின் மதிப்பு மட்டும் நிற்கும், புது வரையறையில் இல்லாத டேக் மதிப்போடு சேர்ந்து போய்விடும். ஒரு ஷீட்டில் செய்து, அட்டவணையோடு ஒப்பிட்டு, அப்புறம் பத்து, அப்புறம் மீதி.

எக்ஸ்ப்ளோடுக்குப் பதில் பர்ஸ்ட் போடலாமே என்று அடுத்த கடிதம் வரும் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன். பர்ஸ்ட் மதிப்பைச் சாதாரண எழுத்தாக மாற்றி நிறுத்தும். கண்ணுக்குச் சரியாகத் தெரியும். ஆனால் அது இனி அட்ரிபியூட் இல்லை, அட்டவணைக்கு வராது, மொத்தமாகத் திருத்தவும் முடியாது. வெளியாளுக்கு அனுப்பும் நகலில் மட்டும் செய்யுங்கள்.

கேள்வி: கம்பெனி முத்திரை இருந்த இடத்தில் காலிக் கட்டம் தெரிகிறது.
– அருவங்காடு

பதில்: படமாக இணைத்திருந்தால் கோப்பின் பாதை அறுந்திருக்கும், வேறு மென்பொருளிலிருந்து ஓஎல்ஈ-யாக ஒட்டியிருந்தால் பல மென்பொருள்கள் அதைக் காட்டாது. முத்திரையின் பிடிஎஃப் இருந்தால் ஆட்டோகேட் 2017 முதல் பிடிஎஃப் இம்போர்ட் உண்டு. அதில் கோடுகளாக எடுத்து பிளாக்கிலேயே வைத்துவிடுங்கள்.

கேள்வி: மனை உரிமையாளர் பெயரையும் கிராமத்தையும் டைட்டில் பிளாக்கில் தமிழில் போடுவோம். புது மென்பொருளில் சில படங்களில் கேள்விக்குறி வருகிறது, சில படங்களில் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாக வருகின்றன.
– கோத்தகிரி

பதில்: இவை இரண்டு வேறு நோய்கள். தாறுமாறான ஆங்கில எழுத்து என்றால், அந்தக் காலத்தில் பாமினி போன்ற யூனிகோட் அல்லாத எழுத்துருவில் அடித்திருக்கிறார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அடியிலிருக்கும் ஆங்கிலம்தான் தெரியும். எழுத்துருவைத் தேடிப் போட்டு ஒப்பேற்றாதீர்கள். மதிப்பை யூனிகோடுக்கு மாற்றி எழுதுங்கள். கேள்விக்குறியோ கட்டமோ வந்தால், எழுத்து யூனிகோடுதான், டெக்ஸ்ட் ஸ்டைல் ஆட்டோகேடின் கோட்டு எழுத்துருவான எஸ்எச்எக்ஸைக் காட்டுகிறது. அந்த ஸ்டைலை லதா மாதிரி ஒரு ட்ரூடைப் எழுத்துருவுக்கு மாற்றுங்கள். பிறகு 'கொ', 'பௌ', 'ஸ்ரீ' மூன்றும் வரும் ஒரு பெயரைத் தாளில் அச்செடுத்துப் பாருங்கள். திரையில் சரியாக இருந்து பிடிஎஃப்பில் கொம்பு தனியாக நிற்பது உண்டு.

கேள்வி: ரெவிட்டுக்கு (கட்டட மாடல் மென்பொருளுக்கு) மாறுகிறோம். பழைய டிடபிள்யூஜி பார்டரை டைட்டில் பிளாக் ஃபேமிலிக்குள் (ரெவிட்டின் வார்ப்புக் கோப்புக்குள்) இம்போர்ட் செய்துவிட்டோம். பார்க்க அப்படியே இருக்கிறது. ஆனால் ஷீட் எண் தானாக மாறவில்லை.
– கொடைக்கானல், ஆர்க்கிடெக்ட் அலுவலகம்

பதில்: மாறாது. டிடபிள்யூஜி அட்ரிபியூட் ரெவிட்டில் லேபிளாக (பேராமீட்டரின் மதிப்பைத் தானாகக் காட்டும் எழுத்தாக) மாறுவதில்லை. இம்போர்ட் செய்ததை அடியில் வைத்து அதன்மேல் ரெவிட் கோடுகளால் வரைந்துகொள்ளுங்கள், முடிந்ததும் இம்போர்ட்டை நீக்குங்கள். அப்படியே விட்டுவைத்தால் ஒவ்வொரு ப்ராஜெக்டிலும் அந்தச் சுமை தொடரும். ஷீட் எண், ஷீட் பெயர், ப்ராஜெக்ட் பெயர் ஆகியவற்றுக்கு ரெவிட்டில் ஏற்கெனவே பேராமீட்டர் உண்டு, லேபிள் வைத்தால் போதும். புல எண், உட்பிரிவு போன்ற உங்கள் சொந்த விவரங்களுக்கு ஷேர்டு பேராமீட்டர் வேண்டும். அதே பேராமீட்டர் ஃபேமிலியிலும் ப்ராஜெக்டிலும் இருக்க வேண்டும், ஒன்றில் விட்டுப்போனாலும் வேலை செய்யாது. ஷேர்டு பேராமீட்டர்களை வைத்திருக்கும் டெக்ஸ்ட் கோப்பை சர்வரில் ஒரே இடத்தில் வைத்து, ஆளுக்கொரு நகல் எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஏ1, ஏ2, ஏ3 மூன்றையும், பட்டியலிலிருந்து அளவைத் தேர்ந்தெடுக்கும் ஒரே டைனமிக் பிளாக்கில் வைத்திருந்தோம். புது மென்பொருளில் தேர்வுப் பட்டியலே வரவில்லை.
– குன்னூர்

பதில்: டைனமிக் பிளாக் ஆட்டோகேட் 2006-இல் வந்தது. மற்ற மென்பொருள்களில் தோற்றம் வரும், ஆனால் தேர்வும் வரும் என்று நம்ப முடியாது. மூன்று தனி பிளாக்காகப் பிரித்துவிடுங்கள். ஷீட் செட்டோடு (ஷீட்களின் தொகுப்போடு) இணைத்த ஃபீல்டு (தானாக மாறும் எழுத்து) இருந்தால் அவற்றையும் மாற்றுவதற்கு முன்பே சாதாரண அட்ரிபியூட் மதிப்பாக ஆக்குங்கள்.

கேள்வி: வாடிக்கையாளரின் பழைய மென்பொருளில் எங்கள் கோப்பு திறக்கவில்லை.
– கேத்தி

பதில்: கோப்பை நோட்பேடில் திறந்து முதல் ஆறு எழுத்துகளைப் பாருங்கள். ஏசி1032 என்றால் 2018 வடிவம், ஏசி1027 என்றால் 2013, ஏசி1024 என்றால் 2010. அவர் பதிப்புக்கு ஏற்ற வடிவத்தில் நகல் சேமித்து அனுப்புங்கள். நோட்பேடில் தப்பித்தவறியும் சேமித்துவிடாதீர்கள்.

கேள்வி: ஒற்றை ஆளாகச் சின்ன ஃபேப்ரிகேஷன் வேலை செய்கிறேன், சந்தா கட்ட முடியாது. ஃப்ரீகேடில் என் பழைய பார்டரைக் கொண்டுவர முடியுமா?
– கூடலூர்

பதில்: முடியும், நல்ல முடிவு. ஃப்ரீகேடில் ஷீட் தயாரிக்கும் பகுதியான டெக்டிராவின் வார்ப்புரு ஒரு எஸ்விஜி (கோட்டுப்பட) கோப்புதான். பழைய பார்டரை டிஎக்ஸ்எஃப் ஆக்கி இங்க்ஸ்கேப்பில் திறந்து எஸ்விஜியாகச் சேமியுங்கள். பக்க அளவு மி.மீ.-இல் இருக்க வேண்டும், எஸ்விஜிக்குள் இருக்கும் வியூபாக்ஸ் வரியிலும் அதே எண்கள் வேண்டும். ஏ3 என்றால் 420-க்கு 297. நிரப்ப வேண்டிய ஒவ்வோர் எழுத்துக்கும் ஃப்ரீகேட் எடிட்டபிள் என்ற பண்பைச் சேர்த்தால் டெக்டிராவில் அதைத் தொட்டுத் திருத்தலாம். எழுத்தைப் பாதையாக மாற்றிவிட்டால் அந்த வசதி போச்சு. கூடலூரில் ஆடிக் காற்றில் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. மொத்தமாகக் கோப்பு மாற்றும் வேலையை யூபிஎஸ் இல்லாமல் செய்ய வேண்டாம், மாற்றிய கோப்புகளைத் தனி ஃபோல்டரில் எழுதுங்கள், மூலத்தின்மேல் எழுதாதீர்கள்.

கேள்வி: சாலிட்வொர்க்ஸில் இறக்கிய பார்டர் ஷீட்டின்மேல் தனியாக நகர்கிறது.
– குன்னூர்

பதில்: ஷீட்டில் இறக்கியிருக்கிறீர்கள், ஷீட் ஃபார்மட்டில் (ஷீட்டின் அடியில் நிற்கும் வார்ப்புருவில்) இறக்க வேண்டும். டிஎக்ஸ்எஃப்/டிடபிள்யூஜி இறக்குமதியின்போதே அந்த லேயரை ஷீட் ஃபார்மட்டுக்கு அனுப்பும் தேர்வு உண்டு. பிறகு ஒவ்வொரு குறிப்பையும் கஸ்டம் பிராப்பர்ட்டியோடு இணையுங்கள். மெட்டீரியலும் எடையும் பாகத்தின் மாடலிலிருந்து வரட்டும், கையால் அடிக்க வேண்டாம்.

கேள்வி: பிளான் அப்ரூவலுக்கும் கம்பெனி வேலைக்கும் ஒரே டைட்டில் பிளாக் போதுமா? மாற்றுவதோடு மாற்றாக ஒன்றாக்கிவிடலாம் என்று பார்க்கிறோம்.
– ஊட்டி

பதில்: வேண்டாம். அப்ரூவல் ஷீட்டில் உரிமையாளர் கையெழுத்து, பதிவு பெற்ற பொறியாளர் கையெழுத்து, புல எண், மனைப் பரப்பு, அலுவலக முத்திரைக்கு இடம் எல்லாம் வேண்டும். தளத்துக்குப் போகும் ஷீட்டில் ரிவிஷன் பட்டியல் வேண்டும். இரண்டையும் ஒன்றில் திணித்தால் பாதி அட்ரிபியூட் எப்போதும் காலியாகக் கிடக்கும், காலியாக இருப்பதை யாரும் சரிபார்க்கமாட்டார்கள். மலைப்பகுதியின் கட்டட உயர வரம்பு போன்ற விதிக்குறிப்புகளை டைட்டில் பிளாக்கில் நிரந்தர எழுத்தாகப் போடுகிறார்கள். அது குறிப்புப் பகுதியில் இருக்கட்டும், விதி திருத்தப்பட்டால் பழைய வாசகம் எல்லாப் படத்திலும் ஒட்டிக்கொண்டிருக்கும். மனைப் பரப்பைச் சதுர மீட்டரில் போட்டு, பக்கத்தில் சென்ட் போடுங்கள். ஒரு சென்ட் ஏறக்குறைய 40.5 சதுர மீட்டர்.

கேள்வி: பார்டரைத் தனிக் கோப்பாக வைத்து எக்ஸ்ரெஃப் ஆக இணைத்தால் ஒரே இடத்தில் மாற்றினால் போதுமே?
– கொடைக்கானல்

பதில்: கோடு, முத்திரை, முகவரிக்கு எக்ஸ்ரெஃப் சரி. அட்ரிபியூட்டை அதற்குள் வைக்காதீர்கள், ஷீட்டுக்கு ஷீட் நிரப்ப முடியாது. நிரப்பும் பகுதியைத் தனி பிளாக்காக ஷீட்டிலேயே வையுங்கள். அந்தக் கோப்பின் பாதை ரிலேட்டிவ் ஆக (படம் இருக்கும் ஃபோல்டரை வைத்துச் சொல்வதாக) இருக்கட்டும்.

கேள்வி: எல்லாம் சரியாக வந்தது. பிளாட் (அச்சு) எடுத்தால் பார்டர் கோடு எல்லாம் ஒரே தடிமன்.
– கோத்தகிரி

பதில்: எந்த நிறக் கோடு எந்தத் தடிமனில் அச்சாக வேண்டும் என்று சொல்லும் சிடிபி கோப்பைக் கொண்டுபோக மறந்துவிட்டீர்கள். பழைய கணினியின் பிளாட் ஸ்டைல் ஃபோல்டரிலிருந்து எடுத்துப் புதியதில் போடுங்கள். நிறத்துக்குப் பதில் ஸ்டைல் பெயரை வைத்து அதைச் சொல்லும் எஸ்டிபி வைத்திருந்தால் புது மென்பொருள் அதை ஏற்கிறதா என்று முதலில் ஒரு ஷீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.