பேட் போட்ட நாஸில்: கணக்கு எங்கே முடிகிறது?

கேள்வி: வெசலின் (அழுத்தக் கலனின்) உள்விட்டம் 1500 மி.மீ., தகடு 12 மி.மீ., அதில் அரிப்புக்கு ஒதுக்கியது 3 மி.மீ., அழுத்தம் 10 பார். 6 அங்குல ஷெட்யூல் 80 நாஸில் (குழாய் இணையும் வாய்; ஷெட்யூல் என்பது சுவர்த் தடிப்பின் வகை). சுற்றிலும் 320 மி.மீ. விட்டமுள்ள 12 மி.மீ. பேட் (வலுவூட்டும் தகடு). குழாய்ச் சுமையால் வெசலில் வரும் ஸ்ட்ரெஸ்ஸை (தகைவை) டபிள்யூஆர்சி 107 வெளியீட்டின் வரைபடங்களை வைத்து 24 மி.மீ. தடிப்புக்குக் கணக்குப் போட்டேன், தேறியது. சரிபார்ப்பவர் "பாதிக் கணக்குதான் இருக்கிறது" என்று திருப்பிவிட்டார். மீதி எங்கே?
– வாசகர், பிறை, பினாங்கு

பதில்: பேட்டின் வெளி விளிம்பில். நாஸில் ஓரத்தில் தகடும் பேட்டும் சேர்ந்து சுமையைத் தாங்கும். பேட் முடிந்த இடத்தில் தகடு தனியாகத் தாங்க வேண்டும். இரண்டு இடத்துக்கும் தனித்தனிக் கணக்கு வேண்டும்.

அதற்கு முன் ஒரு திருத்தம். 24 என்பது புதுத் தகட்டின் அளவு. உள்ளே 3 மி.மீ. அரித்த பிறகு நாஸில் ஓரத்தில் 21, பேட் விளிம்பில் வெறும் 9. நாஸில் ஓரத்தில் சராசரி ஆரம் 763.5, அதைத் தடிப்பால் வகுத்தால் காமா (வரைபடத்தில் எந்தக் கோடு என்று சொல்லும் எண்) 36.4. நாஸிலின் வெளி ஆரம் 84.15; அதை 0.875-ஆல் பெருக்கிச் சராசரி ஆரத்தால் வகுத்தால் பீட்டா (வரைபடத்தின் கிடை அச்சு) 0.096. பேட் விளிம்புக்கு வந்தால் நாஸில் ஆரத்துக்குப் பதில் பேட்டின் ஆரம் 160-ஐப் போடுங்கள்: காமா 84.2, பீட்டா 0.185. பெண்டிங் ஸ்ட்ரெஸ் (வளைவுத் தகைவு) தடிப்பின் வர்க்கத்துக்கு எதிராக ஏறும். மோமெண்ட் (வளைக்கும் திருப்பம்) மாறாமல் இருந்தால் 21-லிருந்து 9-க்கு இறங்கும்போது அது 5.4 மடங்காகும். பேட் சுமையை அகலப் பரப்புவதால் அவ்வளவு வராது. ஆனாலும் 'தேறியது' 'தேறாதது' ஆவது பெரும்பாலும் இங்கேதான்.

வரைபடத்தின் செங்குத்து அச்சு மடக்கை அளவில் இருக்கிறது. இரு காமா கோடுகளுக்கு நடுவே ஸ்கேல் வைத்துப் பாதி என்று எடுத்தால் தப்பாகும், மடக்கையில் இடைச்செருகுங்கள். கண்ணை நம்பப் பிடிக்காதவர்களுக்கு 2010-இல் வந்த டபிள்யூஆர்சி 537 இருக்கிறது. அதே வளைகோடுகளைச் சமன்பாடுகளாகவே தந்திருக்கிறார்கள்.

குறிகளில் கவனம். ஆரத் திசைச் சுமை உள்நோக்கி அழுத்துவதாக வைத்தே 107-இன் கணக்கு அட்டவணையில் கூட்டல் கழித்தல் போடப்பட்டிருக்கிறது. அழுத்தம் நாஸிலை வெளியே தள்ளும் விசையோ எதிர்த் திசை. உங்கள் நாஸிலில், அரித்த துளைக்கு, ஏறத்தாழ 18 கிலோநியூட்டன். பைப்பிங் பிரிவு தரும் சுமைப் பட்டியலில் அது சேர்ந்திருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் விடுபடும், இரண்டு பேரும் சேர்த்தால் இரட்டிக்கும்.

வெசல் அழுத்தத்தால் வரும் ஸ்ட்ரெஸ் வரைபடத்தில் கிடையாது. நீங்களே கூட்ட வேண்டும். 9 மி.மீ. தகட்டில் சுற்றுத் திசையில் அது சுமார் 84 மெகாபாஸ்கல். தகடு எஸ்ஏ-516 கிரேடு 70 எஃகு, சாதாரண வெப்பநிலை என்றால் அனுமதிக்கும் ஸ்ட்ரெஸ் 138. உள்ளூர் மெம்பிரேன் ஸ்ட்ரெஸ்ஸுக்கு (தடிப்பு முழுவதுக்குமான சராசரி) அதன் ஒன்றரை மடங்கு, 207. ஆக, சுற்றுத் திசையில் குழாய்ச் சுமைக்கு மிஞ்சுவது 123 மட்டுமே. பெண்டிங்கையும் கூட்டிய மொத்தத்துக்கு வரம்பு 138-இன் மூன்று மடங்கு, 414. நாஸிலைச் சுற்றியுள்ள ஏ, பி, சி, டி நான்கு இடங்களிலும் உள்புறம், வெளிப்புறம் என எட்டு விடைகளையும் பாருங்கள்.

இன்னொன்று: 107 நாஸிலைத் திடமான தண்டாகவே பார்க்கிறது, நாஸில் சுவரின் ஸ்ட்ரெஸ்ஸைச் சொல்லாது. அதற்கு டபிள்யூஆர்சி 297. ஆனால் அங்கே நாஸிலின் வெளிவிட்டம் சுவர்த் தடிப்பைப் போல் 20 மடங்காவது இருக்க வேண்டும். உங்களுடையது புதிதில் 15, அரித்த பின் 21.