பாட்டியின் மூக்குத்தி எங்கே போச்சு?

கேள்வி: 1950-களில் ஸ்டுடியோவில் எடுத்த தாத்தா பாட்டி படம் ஒன்றுதான் எங்களிடம் மிச்சம். செல்லரித்துக் கிடந்ததைத் தம்பி ஏதோ ஏஐ செயலியில் போட்டுக் கலராக்கி, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அனுப்பினான். எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். பெரியம்மா மட்டும் "இது எங்கம்மா இல்லை" என்கிறார். எதை ஃபிரேம் போடுவது?

பதில்: பெரியம்மா சொல்வதுதான் சரி. நீங்கள் அனுப்பிய இரண்டையும் பெரிதாக்கிப் பார்த்தேன். பழைய படத்தில் பாட்டியின் மூக்கில் சின்னதாக ஒரு வெள்ளைப் புள்ளி, மூக்குத்தி. புதியதில் அதைக் காணோம். செயலி தூசி என்று துடைத்திருக்க வேண்டும்.

இந்தச் செயலிகள் அழுக்கை மட்டும் எடுப்பதில்லை. எத்தனையோ முகங்களைப் பார்த்துப் பழகியவை. தெரியாத இடத்தில் 'இப்படித்தான் இருக்கும்' என்று தாமே வரைந்துவிடும். நிறமும் அப்படித்தான். கறுப்பு வெள்ளையில் வெளிச்ச அளவு மட்டுமே பதிவாகும். அரக்குச் சேலையும் கரும்பச்சைச் சேலையும் ஒரே சாம்பலாக விழலாம். உங்கள் செயலி பாட்டியின் சேலைக்கு நீலம் அடித்திருக்கிறது, சும்மா ஒரு ஊகம்.

வீட்டோடு முடிந்தால் பரவாயில்லை. 2021-இல் கம்போடியாவின் துவோல் ஸ்லெங் சிறைக் கைதிகளின் படங்களை ஒருவர் கலராக்கி, சில முகங்களில் புன்னகையையும் சேர்த்துவிட்டார். 1970-களில் அங்கே நடந்த கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் கொடுங்கோல் ஆட்சியில் கொல்லப்படுவதற்கு முன் எடுத்த படங்கள் அவை! அந்நாட்டுக் கலாச்சார அமைச்சகமே எதிர்ப்புத் தெரிவித்தது. வெளியிட்ட இணைய இதழ் அவற்றை நீக்கியது.

சரி, உங்கள் வேலைக்கு வருவோம். மூலப்படத்தை 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) ஸ்கேன் செய்து, தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் (TIFF) கோப்பாக வையுங்கள். படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பிய்க்கவே வேண்டாம், கண்ணாடியோடு அப்படியே ஸ்கேன் செய்யலாம். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் தரம் குறையும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். படத்தின் பின்புறம் பெயர், ஊர், ஆண்டு எல்லாம் மென்மையான முனையுள்ள பென்சிலில் எழுதுங்கள். பால்பாயின்ட் வேண்டாம், முன்பக்கம் தடம் விழும்.

கலர் படத்தை அழிக்கத் தேவையில்லை. ஆனால் கோப்பின் பெயரிலும் படத்தின் ஓரத்திலும் 'ஏஐ, 2025' என்பதுபோல் ஆண்டோடு குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் இருபது வருஷம் கழித்துப் பேரப்பிள்ளைகள் மூக்குத்தி இல்லாத பாட்டியைத்தான் பாட்டி என்பார்கள்.

ஃபிரேமுக்கு, ஸ்கேனிலிருந்து எடுத்த கறுப்பு வெள்ளைப் பிரிண்ட். மூலப்படம் வெயில் படாமல் அலமாரியில் இருக்கட்டும். அப்புறம், பெரியம்மாவிடம் அந்தச் சேலை என்ன நிறம் என்று கேட்டு, அவர் சொல்வதை போனில் பதிவு செய்யுங்கள். இந்த வாரமே.