கேள்வி – பதில்: லாண்டோ எந்தக் காட்சியில் வெளிப்படுகிறார்?

‘பாபிலோன் 5’ என்ற அமெரிக்க அறிவியல் புனைவுத் தொடரைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். 1994 முதல் 1998 வரை ஒளிபரப்பான இத்தொடரைப் பார்க்காதவர்களுக்காகச் சிறு முன்கதை: 2258ஆம் ஆண்டில், பல கோள்களின் தூதர்கள் கூடிப் பேசுவதற்கென்று மனிதர்கள் நடத்திவரும் விண்வெளி நிலையத்தில் கதை தொடங்குகிறது. சென்டாரிகள் ஒரு காலத்தில் பேரரசாக இருந்து இன்று ஓய்ந்துபோனவர்கள்; நார்ன்கள் அவர்களிடம் அடிமைப்பட்டிருந்து போராடி விடுபட்டவர்கள். சென்டாரித் தூதராக லாண்டோ மொல்லாரியும் (நடிகர் பீட்டர் ஜுராசிக்) நார்ன் தூதராக ஜிகாரும் (ஆண்ட்ரியாஸ் கட்சுலாஸ்) அங்கே இருக்கிறார்கள். கதையின் முடிவுகள் கீழே வெளிப்படையாகப் பேசப்படுவதால், இனிமேல்தான் பார்க்கப் போகிறவர்கள் கடைசிக் கேள்வியை மட்டும் படித்துக்கொள்ளலாம்.

நார்ன் கோள் தாக்கப்படுவதை லாண்டோ கப்பலின் சன்னல் வழியே பார்த்து நிற்கும் காட்சிதான் அவருடைய குணத்தைக் காட்டும் உச்சம் என்று பலரும் எழுதுகிறார்கள். தங்கள் கருத்தும் அதுதானா? (வாசகர், மதுரை)

அந்தக் காட்சியின் வலிமையை மறுப்பதற்கில்லை. உடன்படிக்கைகளால் தடைசெய்யப்பட்ட, பெரும் பாறைகளைக் கோளின்மீது எறியும் பொறிகளைச் சென்டாரிக் கப்பல்கள் பயன்படுத்துகின்றன. லாண்டோ ஒரு சொல்லும் பேசாமல் நிற்க, கீழே எரியும் நகரங்களின் ஒளியும் அவருடைய முகமும் ஒரே கண்ணாடியில் ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரிகின்றன. ஆனால் அங்கே நாம் பார்ப்பது ஒரு மனிதர் தம் செயலின் விலையை அறிந்துகொள்வதை. அவர் யார் என்பது அதற்கு முன்பே முடிவாகிவிட்டது. குணம் வெளிப்பட வேண்டுமானால் வேறு வழி இன்னும் திறந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். சன்னல் அருகே நிற்கும்போது லாண்டோவுக்கு அப்படி ஒரு வழி கிடையாது.

ஆகவே நான் இரண்டாம் சீசனின் ஒன்பதாம் அத்தியாயத்தைத்தான் சொல்வேன். 1995 பிப்ரவரியில் ஒளிபரப்பாகி, அடுத்த ஆண்டு ஹியூகோ விருதும் பெற்ற அத்தியாயம் அது. முதிய சென்டாரிப் பேரரசர், தம் முன்னோர் நார்ன்களுக்குச் செய்த கொடுமைகளுக்கு மன்னிப்புக் கேட்பதற்காகவே நிலையத்துக்கு வருகிறார்; வந்த இடத்தில் நோயுற்று விழுந்துவிடுகிறார். அவரைக் கொல்லத் திட்டமிட்டிருந்த ஜிகாருக்கு அந்த மன்னிப்புச் செய்தியை மருத்துவர் கொண்டுபோய்ச் சேர்க்கிறார். அதே வேளையில் லாண்டோ, அரசவையில் தம் செல்வாக்கு உயர வேண்டும் என்பதற்காக, மோர்டன் என்ற இடைத்தரகன் மூலம் ‘நிழல்கள்’ எனப்படும் பழம்பெரும் சக்தியிடம் ஒரு நார்ன் குடியேற்றத்தை அழிக்கும்படி சொல்லி அனுப்பியிருக்கிறார். அவருடைய உதவியாளர் வீர், இந்த வழியில் இறங்கினால் திரும்ப முடியாது என்று கெஞ்சிக் கேட்டும் அவர் கேட்கவில்லை.

இதற்குப் பிறகுதான் அந்தச் சிறிய காட்சி வருகிறது. நடந்தது எதுவும் தெரியாத ஜிகார் முகமெல்லாம் மலர்ச்சியாக லாண்டோவிடம் வந்து, தம் செலவில் மது வாங்கிக்கொடுத்து, பேரரசரின் நலத்துக்காகக் குடிக்கச் சொல்கிறார். சென்டாரிகளால் மாற முடியும் என்று தாம் நம்பியதே இல்லை என்று ஒப்புக்கொள்கிறார். லாண்டோவின் முகத்தில் திகைப்பும் ஏதோ ஒரு கூச்சமும் வந்து போகின்றன. அவர் வாய் திறக்கவில்லை. அந்த நேரத்தில் சொல்லியிருந்தாலும் தாக்குதலைத் தடுத்திருக்க முடியுமா என்பது வேறு கேள்வி. எதிரியாகவே அறிந்திருந்த ஒருவர் முதன்முறையாக நட்பை நீட்டும்போது, உண்மையைச் சொல்லித் தம் திட்டத்தைக் கெடுத்துக்கொள்வதா, மதுவை வாங்கிக்கொண்டு சும்மா இருப்பதா என்ற இரண்டில் அவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கிறார். கொடியவன் என்று சொல்லிவிட முடியாத, ஆனால் தமக்கு வேண்டியது கிடைக்கும்வரை மனச்சாட்சியைத் தள்ளிவைக்கத் தெரிந்த ஒருவரை ஜுராசிக் வசனமே இல்லாமல் அங்கே காட்டிவிடுகிறார்.

இதற்கான விதை முதல் சீசனின் பதின்மூன்றாம் அத்தியாயத்தில் இருக்கிறது. மோர்டன் ஒவ்வொரு தூதரையும் தேடிச் சென்று, உங்களுக்கு என்ன வேண்டும் என்ற ஒரே கேள்வியைக் கேட்கிறான். மின்பாரித் தூதரான டெலென் அவனை வெளியே போகச் சொல்லிவிடுகிறார். ஜிகார் சென்டாரிகளின் அழிவைக் கேட்கிறார். அதற்குப் பிறகு என்ன என்று கேட்டால், தம் கோள் பாதுகாப்பாக இருந்தால் போதும் என்கிறார். லாண்டோ மட்டும், முதலில் எரிச்சலோடு தட்டிக்கழித்துவிட்டு, பின்பு உள்ளே அடக்கி வைத்திருந்ததையெல்லாம் கொட்டுகிறார்: பழைய பெருமை முழுவதும் திரும்ப வேண்டும். பகைமைக்கு ஓர் எல்லை உண்டு, இழந்த பெருமையின்மேல் உள்ள ஏக்கத்துக்கு எல்லையே இல்லை என்பதை மோர்டன் அந்த நொடியில் புரிந்துகொண்டு லாண்டோவைத் தேர்ந்தெடுக்கிறான்.

தம் இனத்தையே அழித்தவரை ஜிகார் ஐந்தாம் சீசனில் மன்னிப்பது நம்பும்படியாக இல்லை. கதையை இனிமையாக முடிப்பதற்காகச் செய்த சமரசம் என்றே தோன்றுகிறது. (வாசகி, திருச்சி)

தங்கள் ஐயம் நியாயமானது. ஆனால் ஜிகார் அங்கே என்ன சொல்கிறார் என்பதைக் கவனித்துப் பார்த்தால் அது கரைந்துவிடும் என்று நினைக்கிறேன். என் மக்களால் உங்கள் மக்களை மன்னிக்க முடியாது, என்னால் உங்களை மன்னிக்க முடியும் என்பதுதான் அவர் கூற்றின் சாரம். இந்த வரம்புகட்டிய மன்னிப்பின் பொருளை அறிய, மூன்று சீசன்கள் பின்னோக்கிப் போய், இரண்டாம் சீசனின் இருபத்தொன்றாம் அத்தியாயத்தில் வரும் ஒரு லிஃப்ட் காட்சியைப் பார்க்க வேண்டும்.

நார்ன் கோள் வீழ்ந்த பிறகு, நாடிழந்து நிலையத்தில் அடைக்கலம் புகுந்திருக்கும் ஜிகாரும் வீரும் ஒரே லிஃப்டில் இருக்க நேர்கிறது. வீர் தயங்கித் தயங்கி வருத்தம் தெரிவிக்கிறார். தாம் சொல்லியும் யாரும் கேட்கவில்லை என்கிறார். அது உண்மை என்பது நமக்குத் தெரியும். ஜிகார் கத்தியை எடுத்துத் தம் கையைக் கீறிக்கொள்கிறார். விழும் ஒவ்வொரு துளி இரத்தத்துக்கும் ஒருமுறையாக, இறந்தார், இறந்தார் என்று எண்ணுகிறார். இவர்களிடம் எப்படி மன்னிப்புக் கேட்பாய் என்கிறார். முடியாது என்கிறார் வீர். அப்படியானால் தம்மாலும் மன்னிக்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார் ஜிகார். தவறே செய்யாத, தொடர் முழுவதிலும் ஆக நல்லவரான ஒருவர்மேல் விழும் இந்தச் சொற்கள் கொடுமையானவை; ஆனால் இறந்தவர்கள் சார்பில் மன்னிக்கும் உரிமை உயிரோடிருக்கும் எவருக்கும் இல்லை என்ற அவருடைய நிலைப்பாட்டில் பிழை காண முடியவில்லை.

அடுத்த சீசனின் இரண்டாம் அத்தியாயத்தில் இன்னொரு லிஃப்ட். குண்டுவெடிப்பால் லாண்டோவும் ஜிகாரும் உள்ளே சிக்கிக்கொள்கிறார்கள். ஒரு சென்டாரியை நார்ன் எவராவது கொன்றால் 500 நார்ன்கள் கொல்லப்படுவார்கள் என்பது வென்றவர்கள் போட்ட சட்டம். ஆகவே கொல்ல முடியாது; உதவாமல் உட்கார்ந்து, அவர் சாவதைப் பார்த்துத் தாமும் சாகலாம். அந்த வாய்ப்புக் கிடைத்ததற்காக ஜிகார் வாய்விட்டுச் சிரிக்கிறார். பார்ப்பவருக்கும் சிரிப்பு வருகிறது, உடனே அது கசக்கவும் செய்கிறது.

இந்தச் சிரிப்பிலிருந்து ஐந்தாம் சீசனின் மன்னிப்புக்கு அவரை ஒரே இரவில் கொண்டுபோயிருந்தால் தாங்கள் சொல்வதை நான் அப்படியே ஏற்றுக்கொண்டிருப்பேன். நடுவில் நான்காம் சீசனின் சாட்டையடி இருக்கிறது. பித்துப்பிடித்த பேரரசன் கார்டேஜியாவின் முன் ஜிகார் அடிபடுகிறார். நாற்பதாவது அடிக்குள் அலறாவிட்டால் சாவு. அலறுவது ஒரு நார்னுக்கு மானக்கேடு. பார்த்து நிற்கும் லாண்டோ, அலறிவிடும்படி தாழ்ந்த குரலில் மன்றாடுகிறார். உயிரோடு இருந்து உதவினால் நார்ன் கோளை விடுவிப்பதாக அவர் முன்பே வாக்களித்திருக்கிறார். ஜிகார் கடைசி அடி வரை பொறுத்துவிட்டு அலறுகிறார். தம் மானத்தைவிட மக்களின் விடுதலை பெரிது என்று அவர் கணக்குப் போட்ட இடம் அது. லாண்டோ தம் வாக்கைக் காப்பாற்றுவார் என்று நம்பிய இடமும் அதுவே. லாண்டோ காப்பாற்றுகிறார். அதன் பிறகும் ஜிகார் மக்கள் பெயரால் மன்னிக்கவில்லை என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. முதல் லிஃப்டில் சொன்ன சொல்லை அவர் கடைசிவரை திரும்பப் பெறவே இல்லை.

ஜிகாராக நடித்த கட்சுலாஸ், அவ்வளவு தடித்த ஒப்பனைக்குள் இத்தனை உணர்ச்சியை எப்படிக் காட்டினார்? (வாசகர், ஈரோடு)

குரலாலும் நடையாலும். தலை முழுவதும் ரப்பர் மூடி, கண்ணில் சிவப்பு வில்லைகள் அணிந்த நிலையில் முகத்தசைகளை நம்ப முடியாது என்பதால் கட்சுலாஸ் தலையின் சாய்வையும் மூச்சையும் பயன்படுத்துகிறார். 2006இல் காலமான அவர் நாடக மேடையில் பயின்றவர், அது தெரிகிறது.

வீர் வெறும் நகைச்சுவைப் பாத்திரமாகத்தான் தொடங்கினார். மோர்டனின் வெட்டுண்ட தலையைப் பார்த்து அவர் கையசைப்பதுதானே அவருடைய சிறந்த தருணம்? (வாசகர், சேலம்)

கைதட்டல் பெறும் தருணம் அது. மோர்டன் இரண்டாம் சீசனில் வீரிடமும் அதே கேள்வியைக் கேட்கிறான். உன் தலை ஈட்டியில் செருகப்பட்டிருக்க, அதை நிமிர்ந்து பார்த்து நான் இப்படிக் கையசைக்க வேண்டும் என்று வீர் விரல்களை அசைத்துக் காட்டுகிறார். நான்காம் சீசனில் அது அப்படியே நடக்கிறது. ரசிகர்கள் பல ஆண்டுகளாகக் கொண்டாடும் இந்த நிறைவேற்றம் எனக்குக் கொஞ்சம் மிகையாகவே படுகிறது.

அதற்கு ஓர் அத்தியாயம் முன்பு, கார்டேஜியாவைக் கொல்லும் பொறுப்பு லாண்டோவுடையது. கைகலப்பில் நச்சு ஊசி கீழே விழ, வீர் அதை எடுத்துப் பேரரசனின் மார்பில் குத்திவிடுகிறார். கொடுங்கோலன் ஒழிந்தான் என்று எல்லோரும் மகிழ்ந்திருக்க, வீர் மட்டும் குடித்துவிட்டு அழுதுகொண்டிருக்கிறார். கொலை நியாயமானதுதான் என்று அவருக்குத் தெரியும். நியாயமானது என்பதால் மனம் லேசாகிவிடவில்லை. லாண்டோ அவரைத் தேற்றுகிறார் என்றாலும், அந்த அழுகையைப் பார்த்து உள்ளூரப் பொறாமைப்படுவதுபோல் எனக்குத் தோன்றும். வீரை அறிய வேண்டுமானால் அந்த அறையில் அறிய வேண்டும்.

இதே காலத்தில் வந்த ‘ஸ்டார் டிரெக்: டீப் ஸ்பேஸ் நைன்’ தொடரில், கேப்டன் சிஸ்கோ பொய் ஆதாரம் காட்டி ரோமுலன்களைப் போருக்குள் இழுக்கும் அத்தியாயத்தைப் பற்றித் தாங்கள் எழுதவே இல்லையே? (வாசகி, கோயம்புத்தூர்)

1998 ஏப்ரலில் வந்த அந்த அத்தியாயம் எனக்கும் மிகப் பிடித்தமானது. சிஸ்கோ போலிப் பதிவு ஒன்றைச் செய்யவைக்கிறார். ரோமுலன் செனட்டர் அதைக் கண்டுபிடித்துவிட, காரக் என்ற முன்னாள் உளவாளி செனட்டரின் கப்பலையே வெடிக்கச் செய்து, பழி எதிரிமேல் விழும்படி பார்த்துக்கொள்கிறார். செய்தி அறிந்த சிஸ்கோ போய்க் காரக்கை அடிக்கிறார். அடித்ததற்குக் காரணம் கோபம் என்று சொல்லப்பட்டாலும், இப்படித்தான் முடியும் என்று தெரிந்தே தாம் காரக்கிடம் போனதை அவர் நேருக்கு நேர் கேட்க வேண்டி வந்ததுதான் உண்மைக் காரணம். இறுதியில், இதோடு என்னால் வாழ முடியும் என்று பதிவேட்டில் சொல்லிக்கொள்பவர், பிறகு அந்தப் பதிவை அழிக்கச் சொல்கிறார். வாழ முடியுமென்றால் அழிப்பானேன்?

லாண்டோவும் ஜிகாரும் ஒருவர் கழுத்தை ஒருவர் நெரித்துச் சாவார்கள் என்பது முதல் அத்தியாயத்திலேயே சொல்லப்பட்டுவிடுகிறது. விதி முடிவாகிவிட்டால் குணத்துக்கு அங்கே என்ன வேலை? (வாசகர், யாழ்ப்பாணம்)

ஊழைப் பற்றிப் பேசிப் பழகிய நமக்கு இயல்பாக எழும் கேள்வி. 1994இல் லாண்டோ தம் கனவை விவரிக்கும்போது நாம் புரிந்துகொள்வது, இரு பகைவர்கள் பகை தீராமலே மாய்வார்கள் என்பதுதான். 1996இல், மூன்றாம் சீசனின் பதினேழாம் அத்தியாயத்தில், அந்த எதிர்காலத்தை நேரிலேயே காட்டுகிறார்கள். லாண்டோ பேரரசர்; ஆனால் தோளில் ஒட்டியிருக்கும் ‘காவலன்’ என்ற உயிரி அவருடைய உடலையே ஆட்டிவைக்கிறது. மது குடித்து அதைச் சற்று உறங்கவைத்துவிட்டு, கைதிகளாக இருக்கும் நிலையத் தலைவர் ஷெரிடனையும் டெலெனையும் தப்பவிடுகிறார். காவலன் விழித்தால் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், ஜிகாரை அழைத்துத் தம்மைக் கொல்லும்படி கேட்கிறார். ஜிகார் கழுத்தில் கைவைக்கிறார்; காவலன் விழித்துக்கொள்கிறது; லாண்டோவின் கைகள் அவர் விருப்பமில்லாமலே ஜிகாரின் கழுத்தை நோக்கி உயர்கின்றன.

கனவில் கண்ட செயல் இம்மியும் மாறவில்லை. பகைவனின் கொலையாக நாம் நினைத்தது நண்பன் கேட்டுப் பெற்ற உதவி என்பது மட்டும் மாறியிருக்கிறது. எப்படிச் சாவது என்பது அவர்கள் கையில் இல்லை. எதற்காக, யார் கேட்டு என்பது இருக்கிறது. 110 அத்தியாயங்களில் 92ஐத் தாமே எழுதிய படைப்பாளர் ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி, முடிவை முன்கூட்டியே சொல்லும் துணிச்சலைப் பெற்றது இதனால்தான்.

முதல் சீசன் சலிப்பாக இருக்கிறது. எங்கிருந்து தொடங்கலாம்? (வாசகர், சென்னை)

முதல் அத்தியாயத்தையும் பதின்மூன்றாவதையும் பார்த்துவிட்டு இரண்டாம் சீசனுக்குப் போய்விடலாம். அங்கிருந்து எதையும் தாண்ட வேண்டாம். மூன்றாம், நான்காம் சீசன்கள் முழுவதையும் ஒருவரே எழுதியதால் ஓர் அத்தியாயத்தில் போட்ட முடிச்சு பத்து அத்தியாயம் கழித்துத்தான் அவிழும். கணினி வரைகலை பழையதாகத் தெரியும். இரண்டு நாளில் கண் பழகிவிடும்.