முன் ஃபோர்க்கில் உள்ள அந்தக் கட்டைகளைக் கழற்றாதீர்கள்

உங்கள் பழைய 1890கள் காலத்துச் சைக்கிளில், முன் சக்கரத்தைத் தாங்கும் கவையான முன் ஃபோர்க்கின் இருபுறமும் உள்ள இரும்புக் கட்டைகள் விளக்கு மாட்டவா, கழற்றிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து கழற்றாதீர்கள்! அவை கால்தாங்கிகள். 1890களின் சேஃப்டி சைக்கிள்களில் (இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவில், சங்கிலியால் ஓடுபவை) பெரும்பாலும் ஃப்ரீவீல், அதாவது மிதிக்காமலே சக்கரம் தனியாகச் சுற்றவிடும் அமைப்பு, கிடையாது; சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும். இறக்கத்தில் அந்த வேகத்துக்குக் கால் ஈடுகொடுக்காது. அதனால் கால்களை இந்தக் கட்டைகளில் தூக்கி வைத்துக்கொள்வார்கள். கீழே பெடல் தன்பாட்டுக்குச் சுழன்றுகொண்டிருக்கும். மேல்பக்கம் அரம்போல் வரி வெட்டியிருக்கிறதா பாருங்கள், பாதம் வழுக்காமலிருக்கத்தான் அது. 1900 வாக்கில் ஃப்ரீவீல் பரவியதும் இவற்றுக்கு வேலை இல்லாமல் போனது.

ஓட்டிப் பார்க்கப் போகிறீர்களா? சரி, ஆனால் பெடலை எதிர்த்து மிதிப்பதுதான் அந்த வண்டிக்கு முக்கியமான பிரேக். காலைத் தூக்கினால் அது போய்விடும். டயரை அழுத்தும் கை பிரேக் நன்றாகப் பிடிக்காவிட்டால், இறக்கத்தில் இறங்கி உருட்டிக்கொண்டே போங்கள்.