செயின், ஸ்ப்ராக்கெட் மாற்றுவது எப்போது, எப்படி? சுங்கை சிப்புட் மோட்டார்க்காரர்களுக்குப் பதில்கள்

மோட்டார் சைக்கிள் செயின், அது ஓடும் பல் சக்கரமான ஸ்ப்ராக்கெட் பற்றிக் கேள்வி இருந்தால் அனுப்புங்கள் என்று சொன்னதற்கு நிறையவே வந்துவிட்டன. பாதிக்கு மேல் ஒரே கேள்விதான், ஆளுக்கு ஆள் வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்கள். அதிலிருந்தே தொடங்குகிறேன். நம் பக்கம் ஓடுவதில் பெரும்பாலும் கப்சாய் (ஹோண்டா இஎக்ஸ்5, யமஹா ஒய்15 போன்ற சின்ன மோட்டார் சைக்கிள்) என்பதால் பதில்களும் அதை வைத்துத்தான்.

அண்ணே, என் இஎக்ஸ்5 செயின் தொங்குது. கடையில செயின், முன் ஸ்ப்ராக்கெட், பின் ஸ்ப்ராக்கெட் மூணையும் மாத்தணும்னு சொல்றாங்க. செயின் மட்டும் மாத்தினா போதாதா? காசு பிடுங்கப் பார்க்கிறாங்களோன்னு சந்தேகம்.

இல்லை தம்பி, கடைக்காரர் சொன்னது சரி. செயின் நீண்டுவிட்டது என்கிறோமே, அதில் இரும்புத் தகடு இழுபட்டு நீளுவதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் இருக்கும் ஆணி போன்ற பின்னும் (pin) அதைச் சுற்றியுள்ள குழலான புஷ்ஷும் தேய்கின்றன. ஒரு மூட்டில் 0.1 மில்லிமீட்டர் தேய்ந்தால் கண்ணுக்கே தெரியாது. நூறு மூட்டுக்கும் சேர்த்துப் பாருங்கள், 10 மில்லிமீட்டர் ஆகிவிடும். கண்ணிக்குக் கண்ணி இடைவெளி கூடியதும் ரோலர் (புஷ்ஷின் மேல் உருளும் வளையம்) ஸ்ப்ராக்கெட் பல்லின் அடிக்குழியில் உட்காராது, கொஞ்சம் மேலே ஏறி உட்காரும். அந்த இடத்திலேயே உரசி உரசிப் பல் கூராகி ஒரு பக்கமாகக் கொக்கி போல வளையும்.

அந்த வளைந்த பல்லில் புதுச் செயினைப் போட்டால் பாரம் எல்லாப் பல்லிலும் பரவாது. ஒன்றிரண்டு பல்தான் இழுக்கும், புதுச் செயினும் சீக்கிரமே பழசாகிவிடும். பழைய செயினுக்குப் புது ஸ்ப்ராக்கெட் போட்டாலும் இதே கதைதான். அதனால் மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். செயின் புதிதாக இருக்கும்போதே ஏதோ அடிபட்டு அறுந்துபோனது, பல்லும் தேயவில்லை என்றால் மட்டும் செயினை மாத்திரம் மாற்றலாம்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாத்தணும்?

கிலோமீட்டர் கணக்கை நான் நம்புவதில்லை. தார் ரோட்டில் ஈப்போவுக்குப் போய் வரும் மோட்டாரும், செம்பனைக்குள் செம்மண் ரோட்டில் நாள் முழுக்க உருளும் மோட்டாரும் ஒரே கணக்கில் அடங்காது. அளந்து பார்ப்பதுதான் நேர்மை.

கப்சாய்க்கு வரும் 420, 428 (செயினின் அளவு எண்கள்) இரண்டுக்கும் ஒரு பின்னிலிருந்து அடுத்த பின்னுக்கு 12.7 மில்லிமீட்டர். ஒரு பின்னின் நடுவிலிருந்து எண்ணி 21-ஆவது பின்னின் நடு வரைக்கும் 20 கண்ணி. புதுச் செயினில் அது 254 மில்லிமீட்டர் இருக்கும். செயினை இழுத்துப் பிடித்துக்கொண்டு அளந்தால் 259-ஐத் தொட்டுவிட்டதா, அதன் காலம் முடிந்தது. அது இரண்டு சதவீதத் தேய்மானம். உங்கள் மோட்டார் கையேட்டில் வேறு அளவு சொல்லியிருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில் அளந்துவிட்டு விடாதீர்கள், சக்கரத்தைச் சுற்றி மூன்று நான்கு இடத்தில் பாருங்கள். எல்லா இடமும் ஒரே மாதிரி தேயாது.

டேப் கையில் இல்லையென்றால் பின் ஸ்ப்ராக்கெட்டின் கடைசி ஓரத்தில் செயினைப் பிடித்துப் பின்பக்கம் இழுங்கள். பாதிப் பல் வெளியே தெரிந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

எங்க வீட்டுக்காரர் தோட்டத்துல மோட்டார்ல உர மூட்டை ஏத்துவார். செயின் போட்டுக் கொஞ்ச நாள்லயே துருப்பிடிச்சு விறைச்சுப் போகுது. மட்டமான செயினைக் குடுத்துட்டாங்களா?

செயினைக் குறை சொல்வதற்கு முன் மூட்டையைப் பாருங்கள் தங்கச்சி. செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரம் பொட்டாசியம் குளோரைடு, அதாவது அதுவும் ஒரு வகை உப்புத்தான். மூட்டையின் தையலில் கசியும் தூள் செயினில் விழுந்து, மழைத் தண்ணீரும் சேர்ந்தால் இரும்பை அரித்துவிடும். அப்படி வந்த செயினை நீங்களும் பார்த்திருப்பீர்கள்: தகடெல்லாம் ஆரஞ்சு நிறத்தில் துரு, சில கண்ணிகள் மடங்கின வாக்கிலேயே நிற்கும், ஸ்ப்ராக்கெட்டை விட்டு வெளியே வந்த பிறகும் நேராகாது. பால்காட்டுக்கு (ரப்பர் தோட்டத்துக்கு) போகிறவர்களுக்கும் இதே பாடுதான். ஒட்டுப்பால் (கோப்பையில் உறைந்த ரப்பர் பால்) மூட்டையிலிருந்து சொட்டும் தண்ணீரில் அமிலம் இருக்கிறது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். உரம் ஏற்றின அன்று சாயங்காலமே வெறும் தண்ணீரில் செயினைக் கழுவி, துணியால் துடைத்து, காய்ந்ததும் எண்ணெய் விடுங்கள். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் இரவோடு இரவாகத் துரு ஏறிவிடும். மூட்டைக்கு அடியில் ஒரு தடித்த பிளாஸ்டிக் தாளை விரித்து, அதன் இடது ஓரத்தைச் செயின் பக்கம் தொங்க விட்டால் இன்னும் நல்லது.

இன்னொன்று. பழைய இஎக்ஸ்5-இல் செயினை முழுசாக மூடும் கவர் இருக்கும். அழகுக்காக அதைக் கழற்றி எறிகிறார்கள். தோட்டத்தில் ஓடும் மோட்டாருக்கு அதைவிடப் பெரிய பாதுகாப்பு கிடையாது. கழற்றி வைத்திருந்தால் தேடி எடுத்து மாட்டச் சொல்லுங்கள்.

கறுப்பு எண்ணெய் (எஞ்சினிலிருந்து வடித்த பழசு) ஊத்தினா போதும்னு அப்பா சொல்றார். சரிதானா?

அப்பா காலத்தில் எல்லாரும் அதைத்தான் செய்தார்கள். எண்ணெயே விடாமல் ஓட்டுவதற்கு அது தேவலாம், அவ்வளவுதான். வடித்த எண்ணெயில் எஞ்சினின் இரும்புத் துகளும் கரியும் கலந்திருக்கும், ஓட ஓடத் தெறித்தும் போய்விடும். 90 நம்பர் கியர் எண்ணெய் ஒரு போத்தல் வாங்கினால் ரொம்ப நாளைக்கு வரும். செயினின் உள்பக்கத்தில், ரோலருக்கும் தகட்டுக்கும் நடுவில் விழுகிற மாதிரி விடுங்கள். கொஞ்ச நேரம் ஊறவிட்டு மேலே இருப்பதைத் துடைத்துவிட வேண்டும். வெளியே வழிய வழிய நிற்கும் எண்ணெய் செம்மண்ணைப் பிடித்துக்கொண்டு அரைக்கத் தொடங்கிவிடும்.

ஓ-ரிங் (கண்ணிகளுக்கு நடுவில் எண்ணெயைக் காக்கும் ரப்பர் வளையம்) உள்ள செயினாக இருந்தால் பெட்ரோலில் கழுவக் கூடாது, கம்பித் தூரிகையும் வேண்டாம். மண்ணெண்ணெய் போதும்.

இதை எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்கள்: ஸ்டாண்டில் நிறுத்தி, கியரில் போட்டு, எஞ்சின் ஓடும்போது துணியைச் செயினில் வைக்காதீர்கள். துணியைப் பல் இழுக்கும், அதோடு விரலும் போகும். எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் போட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள்.

420-க்குப் பதிலா 428 போட்டா ரொம்ப நாள் உழைக்குமா அண்ணே?

முதல் எண்ணான 4 கண்ணி நீளத்தைச் சொல்லும், இரண்டிலும் ஒன்றுதான். கடைசி இரண்டு எண் உள் அகலம். 420-க்கு 6.35 மில்லிமீட்டர், 428-க்கு 7.94. அதனால் 428 தடிமன், கனம், பலமும் கூட. இஎக்ஸ்5-க்குக் கம்பெனி போடுவது 420, ஒய்15-க்கு 428. மாற்றுவதானால் இரண்டு ஸ்ப்ராக்கெட்டும் 428 அகலத்துக்கு மாற வேண்டும், கவரில் உரசாமலும் இருக்க வேண்டும். மூட்டை சுமக்கும் மோட்டாருக்குச் செய்யலாம். வீட்டுக்கும் கடைக்கும் ஓடுவதற்கு வேண்டாத செலவு.

தினமும் ஈப்போ தொழிற்சாலைக்குப் போறேன். எஞ்சின் கத்துது. முன் ஸ்ப்ராக்கெட்ல ஒரு பல் கூட்டலாமா?

கூட்டலாம். கணக்கு எளிது, பின் பல்லை முன் பல்லால் வகுத்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு 36-க்கு 14 என்றால் 2.57. முன்னால் 15 போட்டால் 2.40. அதே வேகத்தில் எஞ்சின் ஏறக்குறைய 7 சதவீதம் குறைவாகச் சுற்றும், சத்தமும் அடங்கும். ஆனால் ஆள் ஏற்றிக்கொண்டு மேடு ஏறும்போது இழுவை குறைந்தது தெரியும். லாசா பக்கம் மேட்டில் இருப்பவர்கள் இதைச் செய்ய வேண்டாம். அவர்களுக்கு இழுவைதான் தேவை, பின் ஸ்ப்ராக்கெட்டில் இரண்டு மூன்று பல் கூட்டிக்கொள்ளலாம். முன்னால் ஒரு பல் குறைத்தாலும் பலன் ஏறக்குறைய அதேதான். ஆனால் சின்ன ஸ்ப்ராக்கெட்டில் செயின் அதிகமாக வளையும், தேய்மானமும் கூடும். மீட்டர் கேபிள் முன் சக்கரத்திலிருந்து வந்தால் வேகக் கணக்கு மாறாது.

வீட்லயே மாத்திக்க முடியுமா?

ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தால் முடியும். வரிசை தப்பினால்தான் தலைவலி. செயின் மாட்டியிருக்கும்போதே, பின் பிரேக்கை ஒருவர் மிதித்துக்கொள்ள, முன் ஸ்ப்ராக்கெட் போல்ட்டுகளைத் தளர்த்திவிடுங்கள். செயினைக் கழற்றிவிட்டால் சக்கரமும் ஸ்ப்ராக்கெட்டும் தனித்தனி, போல்ட்டோடு அதுவும் சேர்ந்து சுற்றும்.

புதுச் செயின் நீளமாக வந்தால் வெட்ட வேண்டும். பழையதைப் பக்கத்தில் நீட்டி அளவு பார்த்து வெட்டாதீர்கள்! தேய்ந்த செயின் நீண்டிருக்கும். 104 கண்ணியில் இரண்டு சதவீதம் என்றால் இரண்டு கண்ணி அதிகமாகிவிடும். கண்ணியை எண்ணியே வெட்டுங்கள், எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படையில் வரும்.

செயினின் இரண்டு நுனியையும் இணைக்கும் கிளிப் லாக்கில் ஒரு முனை மூடியிருக்கும், மறுமுனை பிளந்திருக்கும். செயின் ஓடும் திசையில் மூடிய முனைதான் முதலில் போக வேண்டும். லாக் மேல் வரிசையில் இருந்தால் மூடிய முனை எஞ்சினைப் பார்க்கும், கீழ் வரிசையில் இருந்தால் பின்பக்கம் பார்க்கும். பலர் இதில்தான் குழம்புகிறார்கள். திருப்பிப் போட்டால் கல்லோ குச்சியோ தட்டி கிளிப் கழன்றுவிடும். செயின் அறுந்து எஞ்சின் பக்கம் சுருண்டால் கேஸ் உடையும், பின் சக்கரமும் பூட்டிக்கொள்ளலாம்.

பின் சக்கரத்தைக் கழற்றியிருக்கும்போதே ஹப் ரப்பரையும் (சக்கரத்துக்கும் ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவில் அதிர்ச்சி தாங்கும் ரப்பர்) பாருங்கள். ஸ்ப்ராக்கெட்டை முன்னும் பின்னும் ஆட்டினால் தாராளமாக ஆடுகிறதா, ரப்பர் முடிந்தது. அதை மாற்றாமல் பூட்டினால் கியர் போடும் ஒவ்வொரு தடவையும் புதுச் செயின் வெட்டி வெட்டி இழுக்கும்.

செயின் தொய்வு பெரும்பாலான கப்சாய்க்கு 25 முதல் 35 மில்லிமீட்டர், கீழ் வரிசையின் நடுவில் மேலும் கீழும் சேர்த்து. அச்சு நட்டை இறுக்கிய பிறகு மறுபடி அளக்க வேண்டும், இறுக்கும்போது மாறும். டிரம் பிரேக் என்றால் பிரேக் கம்பியையும் சரிசெய்யுங்கள். டிரம்மைப் பிடித்திருக்கும் ஸ்டே கம்பியின் நட்டை மறக்கவே கூடாது.

ஒரு இடத்துல டைட்டா இருக்கு, கொஞ்சம் சுத்தினா தொங்குது. எந்த இடத்துல வெச்சு அளக்கிறது?

டைட்டான இடத்தில். அங்கே 25 மில்லிமீட்டர் கிடைக்கும்போது மற்ற இடத்தில் ரொம்பத் தொங்கினால் அட்ஜஸ்ட் செய்து பயனில்லை, செட்டை மாற்றுங்கள்.

தங்கக் கலர் செயின் நல்லதா?

கலர் துருவைக் கொஞ்சம் தள்ளிப்போடும். தேய்மானத்துக்கு அது மருந்தில்லை. தகட்டில் கம்பெனி பெயரும் எண்ணும் தெளிவாக அடித்திருக்கிறதா என்று பாருங்கள். கலரை அப்புறம் பார்க்கலாம்.

ராத்திரி தோட்ட ரோட்டில் லாக் கழன்றால் என்ன செய்வது?

தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும், கையில் இன்னொரு லாக் இல்லையென்றால். கடையில் செட் வாங்கும்போதே அதே நம்பரில் ஒரு லாக் கூடுதலாகக் கேளுங்கள், 420-உடைய லாக் 428-இல் ஏறாது. ஒரு சின்ன பிளாஸ்டிக் பையில் போட்டு, மூக்குக் குறடோடு சீட்டுக்கு அடியில் வைத்துவிடுங்கள்.