பாகம் குறித்தால் போதுமா?

கேள்வி: மகளுக்கு 11 வயது, மகனுக்கு 13. பள்ளியில் பெண் பிள்ளைகளை மட்டும் தனியாக உட்காரவைத்து, பருவமடைவது பற்றி ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்தார்கள். அது போதுமா? அதற்கு மேல் நாமும் சொன்னால் பிஞ்சிலேயே பழுத்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: போதாது. பயமும் வேண்டாம். உடலைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பதால் பிள்ளைகள் வழிதவறுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. யுனெஸ்கோ 2018இல் திருத்தி வெளியிட்ட பாலியல் கல்வி வழிகாட்டி, 5 வயதிலேயே தொடங்கலாம் என்கிறது. அந்த வயதுக்கு என்றால், உறுப்புகளின் சரியான பெயர், பிடிக்காத தொடுதலை வீட்டில் வந்து சொல்வது போன்ற எளிய விஷயங்கள்தான்.

கருப்பையைப் படம் வரைந்து பாகம் குறிக்கும் பிள்ளையிடம், ‘வகுப்பில் உடையில் கறை பட்டால் என்ன செய்வாய்?’ என்று கேட்டுப் பாருங்கள். முழிக்கும். மார்பு வளரத் தொடங்கி ஏறக்குறைய 2, 3 ஆண்டுகளில் முதல் மாதவிடாய் வரும். அதற்கு முன்பே ஒரு நாப்கினை மகள் கையில் கொடுத்து, பின்பக்கத் தாளை உரித்து உள்ளாடையில் ஒட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பையில் ஒன்று எப்போதும் இருக்கட்டும், கூடவே மாற்று உள்ளாடையும். 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். தொடக்கத்தில் சுழற்சி 21 நாளும் ஆகும், 45 நாளும் ஆகும், பதற வேண்டாம். ரத்தப்போக்கு 7 நாளைத் தாண்டினாலோ, ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே நாப்கின் முழுக்க நனைந்தாலோ மருத்துவரிடம் போங்கள்.

சரி, மகன்? அவனை யாருமே கூப்பிடவில்லை, பாருங்கள். தூக்கத்தில் விந்து வெளியேறுவது நோயல்ல. மார்பு லேசாக வீங்குவதும் இந்த வயதில் சகஜம், பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் வடிந்துவிடும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள்: விரையில் திடீரென்று கடும் வலி வந்தால் அந்த நிமிடமே வீட்டில் சொல்ல வேண்டும். விரை முறுக்கிக்கொண்டு ரத்த ஓட்டம் நின்றிருக்கலாம். 6 மணி நேரத்துக்குள் சரிசெய்தால்தான் காப்பாற்ற நல்ல வாய்ப்பு. கூச்சப்பட்டு ‘வயிற்று வலி’ என்று சுருண்டு படுத்துவிடும் பையன்கள் உண்டு. மாதவிடாய் பற்றியும் அவனுக்குச் சொல்லுங்கள். தெரியாதவன்தான் கேலி செய்வான்.

அப்புறம், பள்ளியில் பேச வாய்ப்புக் கிடைத்தால் பெயர் எழுதாத கேள்விப் பெட்டி ஒன்று கேளுங்கள். கேள்வி இல்லாதவரும் ‘ஒன்றுமில்லை’ என்றாவது எழுதிப் போட வேண்டும். இல்லாவிட்டால் யார் எழுதுகிறார் என்று வகுப்பே திரும்பிப் பார்க்கும்.