கோரைப்பல்லை விடுங்கள், கீழ்ப்பற்களைக் காட்டுங்கள்

கேள்வி: எனக்கு 41 வயது. இடது மேல் கோரைப்பல்லில் ஈறு மேலே ஏறிப் பல் நீளமாகத் தெரிகிறது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசுகிறது. ஈறு விலகினால் எல்லாப் பற்களும் விழுந்துவிடும் என்று யூடியூபில் சொல்கிறார்கள். அம்மாவுக்கு 50 வயதிலேயே பல்செட். ஆறு மாதமாகக் கரிப் பேஸ்ட், கல் உப்பு, கிராம்புத் தைலம், ஆயில் புல்லிங் எல்லாம் செய்கிறேன். பல் கிளீன் செய்தால் பல் ஆட ஆரம்பித்துவிடும் என்கிறார்களே? தாடையில் ‘டக்’ சத்தம், நாக்கில் வெள்ளை படிவது வேறு. பல் தேய்க்கும்போது லேசாக ரத்தம் வரும். கீழ் முன்பற்களுக்கு நடுவே சமீபத்தில் சின்ன இடைவெளி விழுந்திருக்கிறது, வயசானால் அப்படித்தானே? இரண்டாவது பிரசவத்தின்போது சர்க்கரை இருந்தது, பிறகு சரியாகிவிட்டது. ஈறு மறுபடி வளர மருந்து உண்டா?
- வாசகி, திருச்சி

பதில்: வயசானால் அப்படி ஆகாது. 41 வயதில் ஒட்டி நின்ற பற்களுக்கு நடுவே புதிதாக இடைவெளி விழுந்தால், பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரைகிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். அதோடு ரத்தக்கசிவும் இருக்கிறது. இந்த மாதத்துக்குள் ஒரு பல் மருத்துவரை நேரில் பாருங்கள்.

கோரைப்பல் கதை வேறு. அந்தப் பல் வரிசையிலிருந்து சற்றே வெளியே துருத்தி நிற்கும். அதன் மேல் ஈறும் மெல்லியது, அடியில் எலும்பும் மெல்லியது. வலக்கைக்காரர்கள் பிரஷ்ஷைப் பிடித்து முதல் அழுத்து அழுத்துவது பெரும்பாலும் இடப்பக்கம்தான். பல்லும் ஈறும் சேரும் இடத்தில் விரல் நகத்தை வைத்து மெல்ல இழுத்துப் பாருங்கள். ஒரு பள்ளத்தில் நகம் மாட்டினால், அது பெரும்பாலும் கிருமி செய்த வேலை இல்லை, நீங்கள் தேய்த்துத் தேய்த்துச் செதுக்கியது. ஈறு விலகியதும் வேர் வெளியே வந்துவிடுகிறது. வேருக்கு எனாமல் கவசம் கிடையாது, அதனால் கூசுகிறது. இதனால் பல் விழாது.

இந்த நிலையில் கரிப் பேஸ்ட்டையும் கல் உப்பையும் போட்டுத் தேய்ப்பது, ஏற்கெனவே உரிந்த இடத்தில் உப்புத்தாள் போடுவதுதான். இரண்டையும் இன்றோடு நிறுத்துங்கள். கிராம்புத் தைலத்தை நேராக ஈறில் வைத்தால் புண்ணாகும். ஆயில் புல்லிங்கால் கெடுதல் இல்லை, ஆனால் ஈறு வளராது, பல்லில் படிந்து இறுகிய காரையும் கரையாது. இதையெல்லாம் வீடியோவில் சொல்கிறவர் யாரும் உங்கள் வாய்க்குள் கண்ணாடி வைத்துப் பார்த்ததில்லை.

இப்போது கீழ்ப்பற்கள். நாக்குக்கு அடியில் எச்சில் சுரப்பியின் வாய் திறப்பது கீழ் முன்பற்களுக்குப் பின்னால்தான். எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து அங்கே படிந்து காரையாக இறுகுகிறது. காரையின் சொரசொரப்பில் கிருமிகள் தங்கி, ஈறுக்குள் மெல்லப் பை போலக் குழி விழுகிறது. அந்தக் கிருமிகளை எதிர்த்து உடம்பு நடத்தும் சண்டையில் எலும்பு கரைகிறது. வலி இருக்காது, அதுதான் இதில் மோசம். ஆற்றங்கரைத் தென்னைக்கு அடியில் மண் அரித்தால் மரம் சாய்கிற மாதிரி, எலும்பு குறைந்த பல் நாக்கின் தள்ளலுக்கே விலகிப்போகும். உங்கள் இடைவெளி அப்படி வந்ததுதானா என்பதைக் கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது. மருத்துவர் மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடத்தில் இறக்கிப் பார்ப்பார். 3 மில்லிமீட்டர் வரை சரி. 4, 5 என்று ஏறினால் நோய் இருக்கிறது. எலும்பு எவ்வளவு மிச்சம் என்பதை எக்ஸ்ரே காட்டும். இந்த அளவெடுப்பைச் செய்யாமல் ‘எல்லாம் நல்லா இருக்கு’ என்று அனுப்பினால், நீங்களே கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

புகை பிடிக்கிற வாசகர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை: உங்களுக்கு ரத்தம் வராததை வைத்து நிம்மதி அடையாதீர்கள். சிகரெட் ஈறின் ரத்தக்கசிவை அடக்கிவிடும், உள்ளே எலும்பு கரைந்துகொண்டே இருக்கும்.

பிரசவகாலச் சர்க்கரை ‘சரியாகிவிட்டது’ என்கிறீர்கள். கடைசியாக எப்போது ரத்தம் கொடுத்துப் பார்த்தீர்கள்? கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவர்களுக்குப் பிற்பாடு நிரந்தரச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். குறைந்தது மூன்று வருடத்துக்கு ஒருமுறையாவது வாழ்நாள் முழுக்கப் பார்க்க வேண்டும். கட்டுப்படாத சர்க்கரை ஈறு நோயை வேகப்படுத்தும், ஈறு நோய் சர்க்கரையை ஏற்றும். பல் மருத்துவரிடம் போவதற்கு முன்பே எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) பரிசோதனை செய்து சீட்டைக் கையில் கொண்டுபோங்கள். 6.5 சதவீதத்தைத் தொட்டால் பொது மருத்துவரையும் பார்க்க வேண்டியிருக்கும்.

கிளீனிங் செய்தால் பல் ஆடும் என்பது நான் தினமும் கேட்கிற வசனம். ஆடுகிற பற்களைக் காரை சிமெண்ட் மாதிரி கட்டிப் பிடித்திருக்கும். அதை எடுத்ததும் ஆட்டம் தெரிகிறது, காரை அடைத்திருந்த சந்தும் தெரிகிறது. பழி கிளீனிங் மேல் விழுகிறது. வீங்கிய ஈறு சுருங்குவதால் சில நாள் கூசும், அவ்வளவுதான். குழி ஆழமாக இருந்தால் மரத்துப்போக ஊசி போட்டு வேர் வரைக்கும் சுத்தம் செய்வார்கள். இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி அளப்பார்கள். அப்போதும் ஆழம் குறையாத இடத்தில் மட்டும் ஈறைத் திறந்து சுத்தம் செய்யும் ஃப்ளாப் அறுவை தேவைப்படலாம். செலவை நினைத்துத் தள்ளிப்போட வேண்டாம், புதுக்கோட்டையிலேயே அரசுப் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நடுவில் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஆன்டிபயாடிக் மட்டும் விழுங்காதீர்கள். நாலு நாள் வீக்கம் அடங்கும், காரை அங்கேயே இருக்கும்.

அம்மாவுக்கு நடந்தது உங்களுக்கும் நடக்குமா? பரம்பரைக்கு இதில் ஒரு பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கரைந்த எலும்பைப் பழையபடி வரவழைப்பதுதான் கஷ்டம், கரைவதை நிறுத்துவது பெரும்பாலானோருக்கு முடிகிற காரியம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை காட்டிக்கொண்டு வருகிறவர்கள் பலர் 70 வயதிலும் சொந்தப் பல்லால் முறுக்கு கடிக்கிறார்கள்.

போன ஈறு தானாக வளராது, வளர்க்கிற மருந்தும் கிடையாது. கோரைப்பல் கூச்சத்துக்குப் பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பேஸ்ட் போதும். இரண்டு மூன்று வாரம் விடாமல் போட்டால்தான் பலன் தெரியும். பிரஷ் சாஃப்ட்டாக இருக்கட்டும், முஷ்டியால் பிடிக்காமல் பேனா மாதிரி விரல்களால் பிடியுங்கள். பள்ளம் ஆழமாக இருந்தால் அடைத்துக்கொள்ளலாம். சிரிக்கும்போது உறுத்தலாகத் தெரிந்தால், மேலண்ணத்திலிருந்து சதை எடுத்து வேரை மூடும் அறுவையும் உண்டு. பக்கத்துச் சந்துகளில் எலும்பு நன்றாக இருந்தால் அது நல்ல பலன் தரும். ஆனால் கீழ்ப்பற்களைச் சரிசெய்த பிறகுதான் அதைப் பற்றிப் பேச்சு.

வலி இல்லாமல் வாய் முழுதாகத் திறக்கிறது என்றால் தாடைச் சத்தத்தை மறந்துவிடுங்கள். நாக்கின் வெள்ளையை வழித்தால் போகிறதா? அப்படியானால் வெறும் அழுக்குதான், தினமும் காலையில் வழித்துவிடுங்கள். வழித்தும் போகாத வெள்ளைத் திட்டு இரண்டு வாரத்துக்கு மேல் ஒரே இடத்தில் நின்றால், பல்லுக்குப் போகிற அன்றே அதையும் காட்டுங்கள்.